மாக்ரெட் திறந்த சுவிச்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு வீடுகள்தான். ஒன்றில் நானும் என் கணவர் ஹாஷிமும். எதிர்க்கதவைத் திறந்தால் மாக்ரெட்டும் சாந்தனும். நான் காலையில் ரோல்ஸும் பட்டிஸும் செய்து கடைகளுக்குக் கொடுப்பவள். பகல் முழுவதும் வீட்டில் இருப்பதால் அந்த வீட்டில் நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை மாக்ரெட் சொன்னாள்.

மாக்ரெட் முகத்துவாரத்தில் பிறந்தவள். வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. அவள் வீட்டுக்கு வருவது மூன்று மாடிக்கும் தெரியும், அவ்வளவு சத்தம். பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை பிடித்துவிட்டு, இறங்கும்போது அவனுக்கே நத்தார்ப் பண்டிகை வாழ்த்துச் சொல்லுவாள். எதற்கும் பயப்படாதவள், மின்சாரத்தைத் தவிர. சின்ன வயதில் ஈரக்கையோடு ஒரு சுவிச்சைத் தொட்டு அது அவளை உதறி எறிந்ததாம். அதற்குப் பிறகு ஒரு பல்ப் மாற்றுவதற்குக்கூட ஆள் தேடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் லிப்ட் திருத்துகிறவர். சாந்தன் சாவகச்சேரிக்காரர். பார்மசி இருந்த கட்டடத்தின் லிப்டைத் திருத்த வந்து, விரலை வெட்டிக்கொண்டு, பிளாஸ்டர் வாங்கக் கீழே இறங்கினாராம். மறுபடியும் மறுபடியும் பிளாஸ்டர் வாங்க வந்தாராம். அவர் கோயில், இவள் சேர்ச். இரண்டு பக்கத்திலும் யாருக்கும் விருப்பமில்லை. கையெழுத்து வைத்துக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் மாடிக்குக் குடிவந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அதைப்பற்றி அவர்களும் கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

சாந்தன் அமைதியான ஆள். வேலை முடிந்து வந்தாலும் கை சும்மா இருக்காது. என் மிக்சியை எத்தனை தடவை திருத்தித் தந்தார் என்று எனக்கே நினைவில்லை. ஒருநாள் வெள்ளவத்தையில் பல மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிப்ட் மோட்டார் அறையில், அவர் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது. வெயில், களைப்பு என்று நினைத்தாராம். கொஞ்ச காலத்தில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பிறகு படியில் கால் தடக்கியது. ஆஸ்பத்திரி நரம்பு கிளினிக்கில் பல பரிசோதனைகள் செய்து, கடைசியில் ஒரு பெரிய டொக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தசையை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகும் வருத்தம். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் அப்படியே இருக்கும். மருந்து இல்லை.

வீட்டுக்கு வந்து மாக்ரெட் என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். சாந்தன் அழவில்லை. கை இன்னும் கொஞ்சம் வேலை செய்த அந்தக் காலத்துக்குள் வீட்டைத் தனக்குத் தோதாக மாற்றத் தொடங்கினார். கட்டிலை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டார். தலைமாட்டில் போனை வைக்க ஒரு இரும்புத் தாங்கி செய்தார். புறக்கோட்டையில் இரண்டு வைஃபை சுவிச் வாங்கிவந்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டிகள். ஒன்றை ஃபேனுக்குப் போகிற வயரின் நடுவிலும் மற்றதைக் கட்டில் விளக்குக்கும் பூட்டினார். அதன்பிறகு போனைப் பார்த்து வாயால் சொன்னால் போதும், ஃபேன் சுற்றும், விளக்கு எரியும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று அப்போது நினைத்தேன். எங்களுடையதுதான் கடைசி மாடி. பகலில் கொங்கிரீட் கூரை கொதிக்கும். ஃபேன் இல்லாவிட்டால் வியர்வை கண்ணுக்குள் வழியும், அவரால் துடைக்க முடியாது. ஃபேன் விடாமல் சுற்றினால் வாயும் கண்ணும் காய்ந்துபோகும். பின்னேரம் துறைமுகப் பக்கத்திலிருந்து காற்று வந்தால் குளிரும், போர்வையை இழுக்கக் கை வராது. ஆகவே ஒரு நாளில் எத்தனையோ தரம் அதைப் போட வேண்டும், நிறுத்த வேண்டும். மாக்ரெட் வேலையில், நான் மாவும் கையுமாக. அந்தப் பெட்டி இருந்தபடியால் அவர் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போனது. அவர் கட்டிலோடு ஆனார். இடதுகையில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் மிச்சம். பேச்சு தடித்தது. நாக்கு வாய்க்குள் ஏதோ பாரம்போல் கிடப்பதாகச் சொன்னார். போனுக்கு அவருடைய பேச்சு சில நேரம் விளங்காது. இரண்டு மூன்று தரம் சொல்வார், கடைசியில் ஃபேன் சுற்றும்.

பிறகு ஒரு நாள் சுற்றவில்லை.

மத்தியானம் கஞ்சி கொடுக்கப் போனபோது அவருடைய தலையணை முழுக்க நனைந்திருந்தது. கண் சிவந்திருந்தது. "என்ன தம்பி, ஃபேன் போடல்லையா?" என்று கேட்டேன். போனைக் கண்ணால் காட்டினார். அதில் ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது. சுவரில் இருந்த சுவிச்சை நான் அமர்த்திப் பார்த்தேன். அந்த வெள்ளைப் பெட்டியில் ஒரு பச்சை வெளிச்சம் மட்டும் மினுங்கியது. கடைசியில் பெட்டியிலிருந்த சின்னப் பொத்தானை அழுத்தியபோதுதான் ஃபேன் சுற்றியது.

மாலையில் மாக்ரெட் வந்து வாசித்துச் சொன்னாள். அந்தப் பெட்டியைச் செய்த வெளிநாட்டுக் கம்பனி தன் சேவையை மூடிவிட்டதாம். நாம் இங்கே ஃபேன் போடச் சொன்னால் அந்தச் சொல் கடல் கடந்து அவர்களுடைய கம்பியூட்டருக்குப் போய்த்தான் திரும்பவும் இந்தப் பெட்டிக்கு வருமாம். அங்கே இப்போது கேட்க ஆள் இல்லை.

"புதுசு ஒண்டு வாங்குவம்" என்றாள் மாக்ரெட். "நாளைக்கே வாங்கிட்டு வாறன்."

சாந்தன் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அதுவும் இப்பிடித்தான். அவங்கள் நினைச்ச நாளில நிப்பாட்டுவாங்கள். இதைக் கழட்டி, உள்ளுக்க இருக்கிற புரோகிராமை அழிச்சு, வேற போடலாம். அதுக்குக் கம்பனி தேவையில்லை. வீட்டுக்குள்ளயே வேலை செய்யும்."

"ஆர் கழட்டிறது?"

"நீர்தான்."

"எனக்குப் பல்ப் மாத்தவே தெரியாது!"

"நான் சொல்லுறன். நீர் செய்யும்."

அன்றைக்கு அவர்களுக்குள் பெரிய சண்டை. பெரும்பாலும் மாக்ரெட்டின் சத்தம்தான் கேட்டது. வேலைக்கும் போய், வந்து அவரைத் துடைத்து, புரட்டி, ஊட்டி, உடுப்புத் தோய்த்து, இதற்கு மேல் இதுவுமா என்று கத்தினாள். ரிமோட் வைத்த ஃபேன் ஒன்று வாங்கினால் என்ன என்றாள். ரிமோட் கையில் நிற்காது, விழுந்தால் எடுக்க ஆள் வேண்டும், அதன் பொத்தான் அவர் விரலுக்கு அமராது என்பதெல்லாம் அவளுக்கும் தெரியும். கடைசியில் என் வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தாள்.

"அவருக்குச் செய்ய இதை விட்டா ஒரு வேலையும் இல்லக்கா. அதுதான் புடிவாதம். எனக்கு விளங்குது. ஆனா என்னால ஏலாது."

அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் புறக்கோட்டையில் இறங்கினாள்.

சாந்தன் சொன்ன பொருள் ஒரு சின்னச் சிவப்புத் துண்டு. ஒரு பக்கம் கம்பியூட்டரில் செருகுவது, மறுபக்கம் சில ஊசிகள். அதில் வயர்களைக் கொளுவி சுவிச்சின் வயிற்றுக்குள் தொட்டால் கம்பியூட்டர் சுவிச்சோடு கதைக்கும். கடைக்காரர் சிங்களவர். அவள் கையிலிருந்த போன் படத்தைப் பார்த்துவிட்டு "மோகட்டத நங்கி?" என்று கேட்டாராம், எதற்கு தங்கச்சி என்று. ஃபேன் சுவிச்சைத் திருத்த என்று இவள் சிங்களத்தில் சொல்ல, அவர் சிரித்துவிட்டு, அந்தச் சுவிச் இப்போது வருவதில்லை, புது மொடல் கொண்டுபோங்கள் என்றாராம். இவளுக்கும் அதுதான் விருப்பம். இருந்தாலும் சிவப்புத் துண்டையும் வயர்களையும் ஒரு சோல்டரிங் அயனையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

முதலில் விளக்குச் சுவிச்சை எடுத்தார்கள். பழகிப் பார்க்க அது போதும் என்றார் சாந்தன். ஒரு சனிக்கிழமை பின்னேரம். மாக்ரெட் வீட்டு மெயின் சுவிச்சையே அணைத்துவிட்டுத்தான் வயரைத் தொட்டாள். அணைத்த பிறகும் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, அணைஞ்சுதானே இருக்குது, பாருங்க" என்று கேட்டாள். பெட்டியைக் கழற்றிக் கட்டில் மேசைக்குக் கொண்டுவந்தாள். அதன் மூடி லேசில் திறக்கவில்லை. நான் பாணுக்குப் பட்டர் பூசுகிற கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தேன். விளிம்பில் வைத்து நெம்ப, டக்கென்று வாய் பிளந்தது. உள்ளே விரல் அகலத்துக்கு ஒரு பச்சைத் தகடு, அதில் எறும்பு முட்டை போலச் சாமான்கள், ஓரமாக வரிசையில் சின்னத் துளைகள்.

சாந்தனின் தலையைத் தலையணைகளால் உயர்த்தி, தகட்டை அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். அவர் முகம் மாறியதை நான் கண்டேன். என் மிக்சியைத் திறக்கும்போது இருந்த முகம் அது.

"இதுதான் மண்டை" என்றார், கறுப்பாக இருந்த சிறு சதுரத்தைக் கண்ணால் காட்டி. "பயப்பிடாதையும். இப்ப இதில கரண்ட் இல்லை. கவனமாக் கேளும். மூடி திறந்திருக்கேக்க ஒருநாளும் சுவர்க் கரண்டோட இதைக் கொளுவக் கூடாது. ஆள் செத்துப்போம்."

இந்தக் கொஞ்சத்தைச் சொல்வதற்கே அவருக்கு நெடுநேரம் ஆனது. நடுவில் நின்று எச்சில் விழுங்கினார்.

மாக்ரெட் துளைகளில் வயரை ஒட்டினாள். முதலில் ஈயம் உருண்டை உருண்டையாக விழுந்தது. விரலைச் சுட்டுக்கொண்டாள். வாயில் வந்தபடி ஏசினாள், பிறகு சிலுவை போட்டுக்கொண்டாள். ஒருவழியாக எல்லா வயர்களும் நின்றன. அடுத்தது சிவப்புத் துண்டு. அதில் ஒரு சிறு மூடி இருந்தது. அதை இடம் மாற்றிச் செருகினால் குறைந்த மின்சாரம் போகும், அப்படியே விட்டால் கூடப் போகும். சுவிச்சின் மண்டைக்குக் குறைந்ததுதான் தாங்கும்.

சாந்தன் என்னவோ சொன்னார்.

"என்ன?" என்றாள் மாக்ரெட்.

மறுபடியும் சொன்னார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"மாத்தாத எண்டா சொல்றீங்க?"

அவர் தலையை அசைத்தார். ஓம் என்கிற அசைவா, இல்லை என்கிற அசைவா என்று இருவருக்கும் பிடிபடவில்லை. கழுத்தும் அப்போது தளரத் தொடங்கியிருந்தது. மாக்ரெட் மாற்றாமல் விட்டாள். லெப்டொப்பில் செருகினாள். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் சூடாகிற மணம் வந்தது. அவள் விரலை வைத்துப் பார்த்து, கையை உதறினாள். பிடுங்கி எடுத்தபோது மண்டை செத்துப்போயிருந்தது.

சாந்தன் சொன்னது "மாத்து" என்று.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மறக்கமாட்டேன். சாந்தன் சிரிக்கத் தொடங்கினார். வாய் கோணி, தோள் குலுங்க, நிறுத்தமுடியாத சிரிப்பு. மாக்ரெட் அவரையே பார்த்தாள். சுட்ட விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "சிரிக்கிறீங்களா? நான் இவ்வளவு பாடுபட உங்களுக்குச் சிரிப்பா?" என்று கேட்டாள். அவர் சிரிப்பு இன்னும் கூடியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாக்ரெட் மேசையை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

நான் அவர் முகத்தைத் துடைத்தேன். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அடங்கியதும் அந்தக் கண்ணைப் பார்த்தேன். சிரித்த ஆளின் கண் அல்ல அது. நான் படிக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அது சிரிப்பில்ல புள்ள. டொக்டர் சொன்னாரெண்டு நீதானே எனக்குச் சொன்ன. அழுகையும் சிரிப்பும் தன்பாட்டுக்கு வரும் எண்டு."

"தெரியும்" என்றாள். "தெரிஞ்சுகொண்டுதான் ஏசினேன்."

கீழே யாரோ தண்ணீர் மோட்டார் போட்ட சத்தம் கேட்டது. பிறகு அவள் எழுந்து உள்ளே போய், அவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஃபேன் சுவிச்சை அவர்கள் சில வாரங்கள் தொடவில்லை. அதுவும் போனால் வேறு இல்லை. அந்த நாட்களில் நான் அடுப்பைக் குறைத்துவிட்டு அடிக்கடி ஓடிப்போய் ஃபேனைப் போட்டேன், நிறுத்தினேன். அவர் கூப்பிடுவது இப்போது ஒரு முனகல். எண்ணெய்ச் சத்தத்தில் சில நேரம் எனக்குக் கேட்காது. போய்ப் பார்க்கும்போது நனைந்து கிடப்பார், அல்லது குளிரில் உதடு நீலம் பாரித்திருக்கும். ஒருதரமும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு மாக்ரெட் தானாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, "இண்டைக்குச் செய்வம்" என்றாள். இம்முறை வேறு விதமாக. அவர் கதைக்கத் தேவையில்லை. இதற்காகவே அவள் பஸ்ஸில் போகவர இணையத்தில் வாசித்திருந்தாள், பார்மசிப் பிள்ளைகளிடம் ஆங்கிலச் சொற்களுக்கு அர்த்தம் கேட்டிருந்தாள். ஒவ்வொரு வேலையையும் செய்யுமுன் வாயால் சொல்வாள். சரியென்றால் அவர் ஒருமுறை கண்ணை மூடித் திறக்க வேண்டும். மூடாவிட்டால் அவள் கை அசையாது.

"சிவப்புத் துண்டில மூடியை மாத்திப் போடுறன். சரியா?"

கண் மூடித் திறந்தது.

"இந்த வயர் இதுக்கு. மத்தது இதுக்கு. குறுக்கா. சரியா?"

கண் திறந்தபடியே நின்றது. அவள் இரண்டையும் திரும்பப் பார்த்து, இடம் மாற்றிக் காட்டினாள். கண் மூடியது.

"இப்ப பொத்தானை அமத்திப் பிடிச்சுக்கொண்டு செருகணும். அக்கா, நீங்க பொத்தானைப் பிடியுங்க. நான் சொல்லும் வரைக்கும் விடாதீங்க."

நான் பிடித்தேன். அவள் செருகினாள். சூட்டு மணம் வருகிறதா என்று மூவரும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. பழையதை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். லெப்டொப்பில் எழுத்துகள் ஓடின. பிறகு புதிய புரோகிராம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதை ஒரு கோடு நிரம்பிக் காட்டியது. கோடு நிரம்பியதும் மாக்ரெட், "மாதாவே" என்றாள்.

வயர்களைக் கழற்றி, மூடியைப் பூட்டி, சுவரில் பழையபடி பொருத்தி, மெயினைப் போட்டாள். மெயினைப் போடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு போனில் வீட்டு வைஃபையின் பெயரைச் சுவிச்சுக்குச் சொல்லிக்கொடுத்தாள். போன் திரையில் ஒரு பக்கம் வந்தது. அதில் பெரிய நீலப் பொத்தான் ஒன்று, திரை முழுவதும். தாங்கியை அவருடைய இடதுகைப் பக்கமாக இழுத்துப் போனை அதில் வைத்தாள். சாந்தன் ஆட்காட்டி விரலை நகர்த்தி அதைத் தொட்டார்.

ஃபேன் சுற்றியது.

அன்று பின்னேரம் முழுக்க அவர் அதைப் போட்டார், நிறுத்தினார், போட்டார், நிறுத்தினார். மாக்ரெட் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். கதவுக்குப் பக்கத்தில் நின்று குடித்தோம். "லிப்ட்காரர் வேலை செய்றார்" என்றாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அப்படி ஒரு பொழுதை நான் காணவில்லை.

ஆட்காட்டி விரல் எவ்வளவு காலம் தாங்கியது என்று நினைத்தால், அவள் பாடுபட்டதற்கு அது ஒன்றுமே இல்லை. மழை தொடங்குமுன் நின்றுவிட்டது. பெருவிரலுக்கு மாற்றினாள். அதுவும் போனது. வலது காலில் பெருவிரல் கொஞ்சம் அசைவதைக் கண்டுபிடித்து, போனைக் கட்டிலின் கால்மாட்டுக்குக் கொண்டுபோய்த் தலையணைகளுக்கு நடுவில் நிறுத்தினாள். முதல் சில நாள் நன்றாக இருந்தது. பிறகு அவருடைய காலில் தன்பாட்டுக்கு இழுப்பு வரத் தொடங்கியது. ஃபேன் சுற்றும், நிற்கும், சுற்றும், நிற்கும். அவர் கேட்டதும் இல்லை, வேண்டாம் என்றதும் இல்லை. கால் செய்தது. எதிர் வீட்டிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் மாப் பிசைய முடியவில்லை.

மாக்ரெட் சம்பளமில்லா லீவில் வீட்டிலேயே நின்ற காலம் அது. ஒரு காலையில் போனைக் கால்மாட்டிலிருந்து எடுத்தாள்.

"இது வேணாங்க. எனக்குப் பாக்க ஏலாது. நான் பக்கத்திலதானே இருக்கேன், நானே போடுறேன்."

சாந்தன் கண்ணை மூடவில்லை. அவள் திரும்பக் கேட்டாள். மூடவில்லை. அவள் எடுத்துத்தான் விட்டாள். அன்றைக்கு முழுவதும் அவர் அவளைப் பார்க்கவில்லை என்று சொன்னாள். முகத்தைத் திருப்ப முடியாத ஆள், கண்ணை மட்டும் ஜன்னல் பக்கமாக வைத்துக்கொண்டிருந்தாராம்.

மாரிமழையோடு சளி நெஞ்சுக்கு இறங்கியது. அம்புலன்ஸ்காரர்கள் அவரை மூன்று மாடியும் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார்கள், எங்கள் கட்டடத்தில் லிப்ட் இல்லை. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்தார். குழாய் வைத்து மூச்சு மெஷினில் போடவா என்று டொக்டர் கேட்டபோது மாக்ரெட் அவருடைய கண்ணைப் பார்த்துக் கேட்டாள். அவர் கண்ணை மூடவில்லை. வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். அவள் இரண்டு தரம் கேட்டுவிட்டு டொக்டரிடம் சொன்னாள். அவர் விடியற்காலையில் போய்விட்டார். கனத்தை மயானத்தில் எரித்தார்கள். அவருடைய ஊரிலிருந்து ஒரு தமையன் வந்தார், முகத்துவாரத்திலிருந்து மாக்ரெட்டின் ஆட்கள் வந்தார்கள். இரண்டு பக்கமும் முதல்முறையாக ஒரே வேனில் திரும்பினார்கள்.

ஒரு வருடத்துக்குக் கிட்ட ஆனபோது மாக்ரெட்டுக்கு ஒரு அழைப்பு வந்தது. கிளினிக்கில் இருந்த ஒரு நர்ஸ் இலக்கம் கொடுத்தாராம். கொலன்னாவையில் அன்னபாக்கியம் என்ற பெண். கணவர் சிவபாதசுந்தரத்துக்கு அதே வருத்தம். அவர்களும் ஃபேனுக்கு ஒரு வைஃபை சுவிச் வைத்திருந்தார்கள், அதுவும் நின்றுவிட்டது. "நீங்க திறந்து சரியாக்கினீங்களாம், மிஸ். எங்களுக்கும் ஒருக்காப் பாத்துத் தருவீங்களா?"

மாக்ரெட் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "தனியப் போக ஏலாது. நீங்களும் வாங்க" என்றாள். போனோம். எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள் சின்ன வீடு. முன்னறையிலேயே கட்டில். சிவபாதசுந்தரம் தலையணையில் சாய்ந்திருந்தார். கை கால் ஒன்றும் இல்லை. ஆனால் குரல் சுத்தமாக இருந்தது. மணி அடித்ததுபோல் இருந்தது.

"வாங்கோ வாங்கோ. எங்கட வீட்டுக்கு ரெண்டு எஞ்சினியர்மார் வந்திருக்கினம்" என்றார்.

மாக்ரெட் வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, மெயினை அணைக்கச் சொல்லி, சுவிச்சைக் கழற்றினாள். கையோடு கொண்டுவந்த கத்தியால் மூடியைத் திறந்தாள். பயம் இல்லாமல் செய்தாள், அதை நான் கவனித்தேன். தகட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி எழுத்தை வாசித்தாள்.

"இது புது மொடல்" என்றாள் கடைசியில். "உள்ளுக்க வேற மண்டை. எங்கட புரோகிராம் இதில போகாது. வயர் ஒட்ட துளையும் இல்ல."

"வேற ஒரு வழியும் இல்லையா மிஸ்?" என்று அன்னபாக்கியம் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச வழி இது ஒண்டுதான். வேற மொடல் வாங்கலாம். அதுவும் எவ்வளவு காலத்துக்கு எண்டு தெரியாது."

சிவபாதசுந்தரம்தான் பேசினார். "அதுக்கென்ன. வந்து பாத்ததே பெரிய காரியம். ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையுங்கோ. உங்கட மிஸ்டருக்கு அந்தச் சுவிச் எவ்வளவு காலம் உதவிச்சுது?"

நான் மாக்ரெட்டைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தேன்.

"கடைசி வரைக்கும்" என்றாள் அவள். "கடைசி நாள் வரைக்கும் அவரேதான் போட்டார்."

"அப்ப நல்லது" என்றார் அவர். மனைவியைப் பார்த்து, "கேட்டனீரே?" என்றார்.

அன்னபாக்கியம் கதலிப்பழம் ஒரு சீப்பைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது தூறத் தொடங்கியது. மாக்ரெட் பழச்சீப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "அந்த ஆள் கதைக்கிறத போனில பதிஞ்சு வைக்கச் சொல்லியிருக்கணும்" என்றாள். "எங்கட வீட்டில சாந்தன்ட குரல் ஒரு துண்டும் இல்ல. சொல்ல வாய் வந்தது. சொன்னா, குரலும் போகப்போகுது எண்டு அந்த ஆளுக்கு விளங்கிடும். சொல்லாம வந்துட்டேன்."

பிறகு போனில் சொல்லலாமே என்றேன். ஓம் என்றாள். சொன்னாளோ தெரியாது.

மாக்ரெட் இப்போது எங்கள் மாடியில் இல்லை. ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறாள், வேலைக்குக் கிட்ட. முந்தைய சத்தம் இல்லை. எதிர் வீட்டில் வேறு ஆட்கள், நல்லவர்கள்தான். போன மாதம் எங்கள் பெருநாளுக்கு மாக்ரெட் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனபோது அன்னபாக்கியத்தைப் பற்றிக் கேட்டேன். இடைக்கிடை போன் எடுப்பாளாம். அவர் எப்படி என்று கேட்டேன். முந்தி அவள் கதைக்கும்போது பின்னால் அவர் பகிடி விட்டுச் சிரிப்பது கேட்கும் என்றும், இப்போது கேட்பதில்லை என்றும் மாக்ரெட் சொன்னாள்.